கண்ணை மூடும் பிள்ளையும் கை ஓங்கிய மாஸ்டரும்

வந்த கடிதம்

தென் மாவட்டத்துச் சிறு ஊர் ஒன்றில் 14 வருடமாகக் கராத்தே வகுப்பு நடத்தும் மாஸ்டர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கல்யாண மண்டபத்து மாடியில் வகுப்பு. வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம், ஏறக்குறைய 40 பிள்ளைகள். தனியாக நின்று அடிகளை வரிசையாகச் செய்து காட்டும் கட்டாவில் மெடல் குவிகிறது. எதிராளியோடு மோதும் குமித்தேயில் முதல் சுற்றைத் தாண்டுபவர்கள் இரண்டு மூன்று பேர்தான். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நீலப் பெல்ட், கட்டாவில் மாவட்டத் தங்கம். எதிரே ஆள் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்கிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் மகளுக்குக் கல்லூரி இடம் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடும் அப்பா, 'எப்படியாவது சண்டையில் இறக்குங்கள்' என்று நெருக்குகிறார்.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பயிற்சியில் பின்வாங்கிக்கொண்டே இருந்தான். வெறி வரட்டும் என்று எல்லார் முன்னாலும் கன்னத்தில் ஓர் அறை விட்டார் மாஸ்டர். அன்றோடு அவன் வரவில்லை. அவனுடைய பச்சைப் பெல்ட் மட்டும் இன்னும் சுவர் ஆணியில் தொங்குகிறது. மூன்றாவதாக ஒருவன். மாஸ்டர் அவனைப் 'புலி' என்கிறார். யாராக இருந்தாலும் பாய்வான். 'அவனைப் போலப் பத்துப் பேர் இருந்தால் போதும்.' போன வருடம் ஒரு போட்டியில் தலையில் அடிபட்டுத் தள்ளாடிய புலியை, முகத்தில் தண்ணீர் தெளித்து அடுத்த சுற்றில் இறக்கினாராம், அவனும் ஜெயித்தானாம்.

கடைசிப் பத்தியில் கேள்விகள். 'என் மாஸ்டர் என்னைப் பிரம்பால் அடித்துத்தான் ஆளாக்கினார். சிமெண்டுத் தரையில் விரல்முட்டியை ஊன்றித் தண்டால் எடுக்கச் சொல்வார். வேலே வந்தாலும் இமைக்காதவன்தான் வீரன் என்பார். மொபைலும் பரோட்டாவுமாக வளரும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போர்க்குணத்தை எப்படி ஊட்டுவது? ஆறு வாரத்தில் மாவட்டப் போட்டி. அந்தப் பெண்ணைக் குமித்தேயில் இறக்கட்டுமா? அடிபட்டால் நான் பொறுப்பல்ல என்று பெற்றோரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். அதனால் சட்டப்படி பிரச்சினை வராதல்லவா?'

பதில்

அன்புள்ள மாஸ்டர்,

அறைந்ததைப் பற்றி எழுதிய வரியை மூன்று முறை அடித்து அடித்து எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் அந்த ஓரிடம் மட்டும்தான் அப்படி. நீங்கள் என்னிடம் உண்மையில் கேட்க வந்தது அதுதானோ என்று தோன்றியது. அதற்கு வருகிறேன். முதலில் நீலப் பெல்ட்.

விளையாட்டு வீரர்களின் மனநலம் பார்ப்பது என் தொழில். ஆனால் நான் முதலில் சண்டையைப் பார்த்தது பாட்டி ஊர்க் களத்துமேட்டில், சிலம்ப ஆசான் ஒருவரிடம். புதிதாக வந்த பிள்ளைகள் கம்பு முகத்துக்கு நேரே வந்தால் கண்ணை மூடிக்கொள்வோம். அவர் திட்டியதே கிடையாது. கம்பின் நுனியில் அடுப்புச் சாம்பலைத் தடவித் தருவார். ஆட்டம் முடிந்ததும் யார் சட்டையில் எத்தனை வெள்ளைப் புள்ளி என்று எண்ணுவோம். சிரிப்பாக இருக்கும். எத்தனை பட்டது, எங்கே பட்டது என்பதிலேயே மனம் போய்விடும். இரண்டு மூன்று மாதத்தில் கண் தானாகத் திறந்துகொண்டது. அவர் செய்ததற்குப் பெரிய பெயர்கள் உண்டு என்பதைப் பிற்பாடு கல்லூரியில்தான் படித்தேன்.

இமைப்பது கோழைத்தனம் அல்ல

முகத்தை நோக்கி எது வேகமாக வந்தாலும் இமை மூடும், தலை விலகும், தோள் உயரும். அது அனிச்சைச் செயல். மூளை யோசித்து முடிவெடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. 'கண்ணை மூடாதே' என்று கத்துவது, தும்மப் போகிறவரிடம் தும்மாதே என்பது மாதிரி. ஆபத்தில்லாத அளவில் அதே தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால்தான் உடம்பு அதற்குப் பழகும், எதிர்வினை குறையும். வேலுக்கு இமைக்காத வீரனும் அப்படித்தான் உருவாகியிருப்பான். பிறக்கும்போதே இமைக்காமல் பிறந்திருக்க மாட்டான்.

கட்டாவில் தங்கம் வாங்கியவள் குமித்தேயில் உறைந்துபோவதை முரண் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் வியப்பில்லை. பேச்சுப் போட்டியில் மனப்பாடமாகப் பொழிந்து தள்ளும் பிள்ளை, வீட்டுக்கு வந்த விருந்தாளி 'என்ன படிக்கிறே?' என்றதும் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய்விடும். கட்டாவில் அடுத்த அடி எது என்று அவளுக்குத் தெரியும். குமித்தேயில் அது எதிராளிக்குத்தான் தெரியும். இரண்டும் வெவ்வேறு திறமைகள். ஒன்றில் தேறியவள் மற்றதிலும் தேறிவிடுவாள் என்று நாம் நினைத்ததுதான் தவறு.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை அலட்சியமாகவும் விடக்கூடாது. தன்னைக் காத்துக்கொள்ளாமல் நிற்பதற்கு நடுவர் 'முபோபி' என்ற எச்சரிக்கை கொடுப்பார் என்பது உங்களுக்கே தெரியும். அந்த விதி இருப்பதே, திரும்பிய தலையில் படுகிற அடி மோசமானது என்பதால்தான்.

117 மணி நேரமும் 16 நிமிடமும்

உங்கள் கடிதத்தை வைத்தே ஒரு கணக்குப் போட்டேன். வாரம் நாலரை மணி நேரம். ஆறு மாதத்துக்கு, அதாவது 26 வாரத்துக்கு, 117 மணி நேரம். ஆளோடு மோதிப் பழகும் ஸ்பாரிங் எப்போது? போட்டிக்கு முந்தைய மாதச் சனிக்கிழமைகளில் மட்டும், ஆளுக்கு இரண்டு ரவுண்டு, ரவுண்டுக்கு இரண்டு நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு சனிக்கிழமையும் சேர்த்தால் 16 நிமிடம்.

117 மணி நேரத்தில் அந்தப் பெண் இன்னொரு ஆளுக்கு எதிரே நின்றது 16 நிமிடம். அதிலும் பாதி நேரம் கண்ணை மூடியிருந்திருக்கிறாள்! இதில் போர்க்குணம் எங்கிருந்து வரும்? மொபைலையும் பரோட்டாவையும் விட்டுவிடுங்கள் மாஸ்டர், பாவம் அவை என்ன செய்தன? உங்கள் கால அட்டவணையைப் பாருங்கள்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவும் இதில்தான் கை வைத்தார். 1882இல் டோக்கியோவில் ஒரு கோயில் அறையில், 12 பாய் விரித்த இடத்தில், விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு அவர் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். பழைய ஜப்பானியச் சண்டைக் கலையான ஜுஜுத்சுவின் ஆபத்தான அடிகளைக் கட்டாவுக்கென்று ஒதுக்கினார். முழு பலத்தோடு மோதினாலும் ஆள் ஊனமாகாத எறிதல்களையும் பிடிகளையும் எடுத்து 'ரந்தோரி' என்ற தடையில்லாப் பயிற்சியை நடுவில் வைத்தார். சண்டையின் கூர்மையைக் குறைத்தாரே என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் அதனால்தான் அவருடைய மாணவர்களால் தினமும் உண்மையாக மோதிப் பழக முடிந்தது. அடிபட்டால் மூன்று வாரம் படுக்கை என்றால் யார் தினமும் மோதுவார்கள்?

அடிக்கடி ரிங்கில் இறங்குகிற தாய்லாந்து முவாய் தாய்க்காரர்கள் முகாமில் ஸ்பாரிங் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? பூனைக்குட்டிகள் விளையாடுவது போல இருக்கும். தொட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ரிங்கில் அவர்களுக்குப் போர்க்குணம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆகவே என் முதல் மருந்து இது. ஒவ்வொரு வகுப்பிலும், போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 20 நிமிடம் இன்னொரு ஆளோடு. வேகமும் அடியும் குறைவாக, நேரம் நிறைய.

பயத்தை அளந்து கொடுப்பது

நீலப் பெல்ட்டுக்கு என்ன செய்யலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் குத்தே வேண்டாம். தோளைத் தொடும் ஆட்டம், முழங்காலைத் தொடும் ஆட்டம். அவளுக்குப் பிடித்த தோழியோடு. யார் முதலில் ஐந்து தொடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். கால் தானாக நகர ஆரம்பிக்கும், தூரம் கண்ணுக்குப் பிடிபடும்.

அடுத்து, க்ளவுஸ் போட்ட கை மெதுவாக நெற்றியை நோக்கி வந்து ஒரு சாண் முன்னால் நிற்கட்டும். நின்ற அதே கணம் எதிரில் இருப்பவர் மறு கையில் விரல் காட்ட வேண்டும். எத்தனை என்று இவள் சொல்ல வேண்டும். மூன்று, ஒன்று, நான்கு. கண்ணைத் திறந்து வை என்று நீங்கள் சொல்லவே தேவையில்லை. விரலை எண்ணக் கண் திறந்தாக வேண்டும். பத்தில் எட்டு சரியாகச் சொன்னால் வேகத்தை ஒரு படி கூட்டுங்கள். எட்டுக்குக் கீழே போனால் ஒரு படி இறக்குங்கள். என்னிடம் வந்த ஒரு குத்துச்சண்டைப் பையனுக்கு இதே பயிற்சி ஐந்து வாரம் எடுத்தது. முதல் நாள் பத்துக்கு இரண்டு. விரலைப் பார்க்காமலே குத்துமதிப்பாகச் சொல்லித் தப்பிக்கவும் பார்த்தான்.

'யமே' என்று சொல்லி நிறுத்தும் உரிமையை அவளுக்கும் கொடுங்கள். சொன்ன நொடியே எல்லாம் நிற்க வேண்டும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. இப்படி விட்டால் நிமிடத்துக்கொரு தரம் யமே சொல்லுவாளே என்று நினைப்பீர்கள். முதல் சில நாள் சொல்லத்தான் செய்வாள். நிறுத்த முடியும் என்பது உறுதியானபின் நிறுத்த வேண்டிய அவசியம் குறைந்துகொண்டே வரும். தப்பிக்க வழியில்லாத பயம்தான் ஆளை உறைய வைக்கிறது. வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்த பயத்தோடு ஒரு பிள்ளையால் வெகு நேரம் இருக்க முடியும்.

மூச்சைக் கவனியுங்கள். உறைந்து நிற்கிற பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கியாய் என்று கத்தச் சொல்வது எதிராளியை மிரட்டத்தான் என்று பல வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். எதிராளி மிரளுகிறாரோ இல்லையோ, கத்துகிற பிள்ளையின் நெஞ்சில் அடைத்திருந்த காற்று வெளியேறுகிறது, பூட்டிய உடம்பு அசைகிறது. அவளிடம் அதைச் சொல்லுங்கள். 'சத்தமா கத்து' என்பதைவிட 'காற்றை வெளியே தள்ளு' என்பது அவளுக்குக் கை கொடுக்கும்.

பிறகு எல்லாருக்கும் பொதுவாக ஒரு பயிற்சி. ஆட்டத்தைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 'நீ ஐந்து புள்ளி பின்னால் இருக்கிறாய், 30 விநாடி பாக்கி' என்று தொடங்குங்கள். எட்டுப் புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால் இன்னும் மூன்று விட்டால் கதை முடிந்தது. தலைக்கு ஒரு கிக் விழுந்தால் மூன்று, உடம்புக்கு ஒரு கிக் என்றால் இரண்டு, எட்டிப் பிடித்துவிடவும் முடியும். நம் பிள்ளைகள் ஜெயிப்பதற்கு மட்டும் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். தோற்றுக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்று யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. நீங்கள் போர்க்குணம் என்று தேடுவது பெரும்பாலும் அந்த 30 விநாடியில்தான் இருக்கிறது.

வாரத்தில் ஒரு நாள் மாடியை விட்டு இறங்கிக் கபடி விடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஏழு பேர் நிற்கிற எல்லைக்குள் தனியாக, மூச்சுக் கட்டி, 30 விநாடிக்குள் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எந்தப் பிள்ளை கோட்டைத் தாண்டிக் கால் வைக்கிறது, எது கோட்டோரமே சுற்றிவிட்டு வருகிறது என்று பாருங்கள். குமித்தேயில் உறையும் நீலப் பெல்ட் கபடியில் உள்ளே பாய்ந்துவிட்டுச் சிரித்தபடி திரும்பினால் நீங்கள்தான் ஆச்சரியப்படப் போகிறீர்கள்.

புலியைப் பற்றி

உங்கள் கருத்திலிருந்து நான் அதிகம் விலகுவது இங்கேதான். அவனிடம் போர்க்குணம் இருக்கிறது என்கிறீர்கள். கடிதத்தில் அவனைப் பற்றி நீங்கள் எழுதிய மற்ற வரிகளைச் சேர்த்துப் படித்துப் பார்த்தேன். சின்னப் பெல்ட்டுகளோடு ஜோடி போட்டால் வேண்டுமென்றே பலமாக அடிக்கிறான். புள்ளி போனால் நடுவரை முறைக்கிறான். தோற்ற அன்று க்ளவுஸைக் கழற்றி வீசிவிட்டுக் கழிவறையில் போய் அழுதான். அந்தப் பையனுக்குத் தோற்பதென்றால் உயிர் போகிற பயம். நீலப் பெல்ட்டுக்குப் பயம் வந்தால் கண் மூடுகிறது. இவனுக்குக் கை ஓங்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வெறியைக் கூட்டக் கூட்டச் சண்டை நன்றாக வரும் என்பது பழைய நம்பிக்கை. 1908இலேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் சுண்டெலிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். தவறான பெட்டிக்குள் நுழைந்தால் மின் அதிர்ச்சி. சுலபமான வேலையாக இருந்தவரை அதிர்ச்சி கூடக்கூடச் சீக்கிரம் கற்றன. வித்தியாசம் கண்டுபிடிக்கக் கடினமாக்கியபோது, நடுத்தர அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றன. அதற்கு மேல் போனால் தடுமாறின. பாரம் தூக்குவதற்கு வெறி உதவலாம். குமித்தே அப்படியா? எதிராளியின் இடுப்பு அசைவதை வைத்து எந்தக் கால் வரும் என்று கண்டுபிடித்து, அதற்குள் உள்ளே புகுந்து, அடியை முகத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டிய வேலை.

ஜப்பானிய வாள் சண்டைக் கலையான கென்டோவில் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். சரியான அடி அடித்துவிட்டு வீரர் கையைத் தூக்கிக் கொண்டாடினால் கொடுத்த புள்ளியையே நடுவர்கள் ரத்து செய்யலாம். அடித்த பிறகும் விழிப்போடு நிற்கும் 'ஸான்ஷின்' இல்லாவிட்டால் அது அடியே இல்லை என்பது அவர்கள் கணக்கு. உங்கள் புலி அங்கே போனால் ஒரு புள்ளிகூடத் தங்காது.

அவனை ஒதுக்கச் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். தினமும் பத்து நிமிடம் ஒரு மஞ்சள் பெல்ட்டோடு. விதி: இவன் தொடுவது சத்தம் கேட்கக் கூடாது, மஞ்சள் பெல்ட் மூன்று புள்ளியாவது எடுத்தாக வேண்டும். மிக வேகமாக அடிக்கத் தெரிந்தவனால் மிக மெதுவாகவும் தொட முடியும் என்பதை அவன் ஒரு பெருமையாக எடுத்துக்கொள்ளும்படி சொல்லுங்கள். அது உங்கள் சாமர்த்தியம்.

தண்ணீர் தெளித்து மறுபடி இறக்கிய கதையைப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. தலையில் அடிபட்டபின் தள்ளாட்டம், குழப்பம், வாந்தி, தலைவலி, கண் கூசுதல், கேட்டதையே திரும்பக் கேட்பது, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்துவிட்டது. மயங்கி விழ வேண்டும் என்பதே இல்லை. டாக்டர் பார்க்க வேண்டும். திரும்பி வருவதும் படிப்படியாகத்தான்: நடை, ஓட்டம், தனிப் பயிற்சி, கடைசியில்தான் ஆளோடு மோதல். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், அறிகுறி திரும்பினால் ஒரு படி பின்னால், மோதலுக்கு முன் டாக்டரின் அனுமதி. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம், குறிப்பாக இந்த வயதில். அன்று அவன் ஜெயித்தது உங்கள் இருவருடைய அதிர்ஷ்டம். அதைப் போர்க்குணத்துக்கு உதாரணமாக இனி எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள்.

பிரம்பும் கையெழுத்தும்

'அடித்துத்தான் ஆளாக்கினார்' என்கிறீர்கள். உங்களோடு அந்த மாஸ்டரிடம் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், கறுப்புப் பெல்ட் வரை வந்தவர்கள் எத்தனை பேர் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அடி தாங்கி நின்றவர் இன்று மாஸ்டராகி எனக்குக் கடிதம் எழுதுகிறார். தாங்காமல் போனவர்கள் யாரும் எழுதப் போவதில்லை. உங்கள் மாஸ்டர் உங்களுக்கு வேறு எதையெல்லாமோ கொடுத்திருப்பார். மழையிலும் வந்து நின்றிருப்பார், பீஸ் வாங்காமல் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆனால் நினைவில் பிரம்புதான் முன்னால் வந்து நிற்கிறது. சிமெண்டுத் தரை விரல்முட்டித் தண்டாலையும் பிள்ளைகளுக்கு நிறுத்திவிடுங்கள். வளர்கிற எலும்பின் நுனி அதற்கானது அல்ல.

சட்ட விஷயத்தை வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விளையாட்டில் ஒப்புக்கொண்டு அடிபடுவதைச் சட்டம் புரிந்துகொள்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆவது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 87ஆக இருந்தது, பொழுதுபோக்குக்காக வாள் வீசிப் பழகும் இருவரையே உதாரணமாகக் காட்டுகிறது. ஆனால் அது 18 வயதுக்கு மேற்பட்டவர் தாமே தரும் சம்மதம். அதிலும் விளையாட்டுக்குள், தப்பாட்டம் இல்லாமல் படும் அடிக்குத்தான். உங்கள் பிள்ளைகள் எல்லாரும் 18க்குக் கீழே. மாஸ்டர் கன்னத்தில் அறைவது எந்தக் கராத்தே விதிப் புத்தகத்தில் இருக்கிறது?

சிறார் நீதிச் சட்டம், 2015இன் 75ஆவது பிரிவு, ஒரு குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தாக்கித் தேவையற்ற உடல் அல்லது மன வேதனை உண்டாக்கினால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. வகுப்பு நேரத்தில் பிள்ளைகள் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறார்கள். பெற்றோரிடம் வாங்கிய கையெழுத்து உங்கள் கவனக்குறைவுக்கோ கைநீட்டலுக்கோ குடை பிடிக்காது. அந்தத் தாளை நம்புவதைவிட முதலுதவிப் பெட்டியையும் பல்லைக் காக்கும் மவுத் கார்டையும் நம்புங்கள்.

மாவட்டப் போட்டிக்கு அனுப்புவதா?

மூன்று வழி இருக்கிறது. கட்டாவில் மட்டும் இறக்கலாம். இரண்டிலும் இறக்கலாம். அல்லது கட்டாவில் இறக்கிவிட்டு, குமித்தேயைப் பார்வையாளராக உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லலாம். ஆறு வாரத்தில் விரல் எண்ணும் பயிற்சி ஒழுங்காகப் போனால் கூட, முகத்துக்கு வரும் முழு வேகக் குத்துக்கு அவள் தயாராகியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. நானாக இருந்தால் மூன்றாவது வழி. கூடவே போட்டிக்குப் பின் பக்கத்து ஊர் வகுப்பு ஒன்றோடு பேசி, மெடலும் மைக்கும் இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நட்பு ஆட்டம். முதல் தோல்வி அங்கே நடக்கட்டும், வடை டீயோடு.

அவளுடைய அப்பாவிடம் நேராகப் பேசுங்கள். கராத்தேயில் வெண்கலம் இரண்டு. ஒரு எடைப் பிரிவில் நாலே பேர் வந்தால் நாலு பேர் கழுத்திலும் மெடல். அந்த மாதிரிப் போட்டிச் சான்றிதழ்களைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு கல்லூரி வாசலில் நின்றவர்களை எனக்குத் தெரியும். எந்தப் போட்டி ஒதுக்கீட்டுக்குச் செல்லும் என்று அந்த ஆண்டின் விதிகளை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கனவே கையில் இருக்கும் கட்டாத் திறமையை வளர்ப்பதுதான் அவள் மேலே போக நல்ல வழியாக இருக்கலாம். குமித்தே அவளுக்குப் பிடித்தால் கூடவே வரட்டும்.

தோற்றால் பிள்ளை உடைந்துவிடும் என்று அவர் பயந்தால், நம் ஊர்ப் பவானி தேவியின் கதையைச் சொல்லலாம். மூங்கில் குச்சியை வைத்து வாள்வீச்சு பழகிய சென்னைப் பெண். முதல் சர்வதேசப் போட்டிக்கு 14 வயதில் துருக்கி போய், மூன்று நிமிடம் தாமதமாக வந்ததற்குக் போட்டியிலிருந்து வெளியேற்றும் கறுப்பு அட்டை வாங்கித் திரும்பியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் ஆட்டத்தை 15-3 என்று ஜெயித்து, அடுத்ததில் 7-15 என்று தோற்று, நாட்டு மக்களிடம் மன்னிப்பும் கேட்டார். கேட்டிருக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். அதற்குப் பின்னும் வாளைக் கீழே வைக்கவில்லை.

இதெல்லாம் இருக்கட்டும். நான்கு பக்கத்தில் அப்பா என்ன சொன்னார் என்று இருக்கிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று இருக்கிறது. அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவளிடம் யாராவது கேட்டீர்களா?

பச்சைப் பெல்ட்

கடைசியாக அந்தப் பையன். அவன் பின்வாங்கியது கோழைத்தனமா, சோர்வா, அன்று பள்ளியில் ஏதாவது நடந்ததா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லார் முன்னாலும் அறை வாங்கிய 15 வயதுப் பையன் மறுநாள் வராமல் இருந்ததற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும் என்று மட்டும் தெரியும். அவன் 'யமே' சொல்லியிருக்கிறான்.

வீட்டுக்குப் போங்கள். போன் வேண்டாம், ஆள் விட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம். அப்பா அம்மா இருக்கும்போது போய், அவனைப் பார்த்து, 'நான் செய்தது தப்பு' என்று சொல்லுங்கள். 'உன் நல்லதுக்குத்தான்' என்று பின்னால் ஒரு வால் ஒட்டாதீர்கள். அவர்கள் கோபமாகப் பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள். புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னால் அது அவர்கள் உரிமை, கெஞ்ச வேண்டாம். திரும்பி வந்து, அறைந்ததைப் பார்த்த மற்ற 39 பேர் முன்னாலும் அதையே ஒருமுறை சொல்லுங்கள். இது உங்கள் மரியாதையைக் குறைக்கும் என்று பயப்படுவீர்கள். போகிற வழியில் நெஞ்சு படபடக்கும், வயிறு பிசையும், வேறொரு நாள் போகலாம் என்று கால் தயங்கும். நீலப் பெல்ட்டுக்கு எதிராளி முன்னால் என்ன ஆகிறது என்பது அப்போது உங்களுக்குச் சரியாகப் புரிந்துவிடும்.

போகும்போது ஆணியில் தொங்கும் பெல்ட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கையில் கொடுத்தால் கணக்கு முடித்துவிட்டது போல ஆகிவிடும். 'உன் பெல்ட் அங்கேதான்டா இருக்கு' என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.